பாப்பா உமாநாத் சரி, அவங்க அம்மா லட்சுமி அம்மாவ ஏன் யாரும் பேச மாட்டேங்குறீங்க? (பொன்மலை - பெரிய பதிவு, பொறுமையா படிங்க)

பொன்மலைப்பேத்தி:
போன வாரம் ஒரு காதுகுத்துக்கு திருச்சி போயிருந்தேன். சித்தப்பா பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம், பேச்சுவாக்குல பாப்பா உமாநாத்னு சொன்னேன், "யாரு, உமாநாத் ஒய்ஃபா?"ன்னு கேக்குறான். பொன்மலைல பொறந்து வளந்த பையன்ங்க அவன். சுருக்குனு ஆயிடுச்சு, அதான் இங்க வந்து கொட்டுறேன்.

தெரியாதவங்களுக்காக: பாப்பா உமாநாத் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர், புருஷன் உமாநாத்தும் அதே கட்சித் தலைவர்தான். 1931ல காரைக்கால் பக்கம் கோவில்பத்துல பொறந்தவங்க, வீட்டுல வச்ச பேரு தனலட்சுமி. அப்பா சீக்கிரமே போயிட்டாரு. அம்மா புள்ளைங்கள இழுத்துக்கிட்டு பொழப்பு தேடி பொன்மலைக்கு வந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆளுங்களுக்கு சமைச்சுப் போட்டு குடும்பத்த ஓட்டுனாங்க. தொழிலாளிங்க எல்லாம் அந்த குட்டிய பாப்பா பாப்பான்னு கூப்பிட்டு கூப்பிட்டு அதுவே பேரா நின்னுபோச்சு, 2010 டிசம்பர்ல 79 வயசுல காலமானப்பவும் பேப்பர்ல பாப்பா தான்.

நான் சொல்ல வர்றது என்னன்னா எல்லாரும் கதைய 1950 ஜெயில்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. ஆமா அது பெரிய விஷயம்தான், நானும் அதுக்கு வரேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு அடுப்பு இருக்கு. ஒர்க்‌ஷாப்ப நாகப்பட்டினத்துல இருந்து இங்க மாத்துனது 1920கள் கடைசில. நாகைல இருந்தும் சுத்துப்பட்டு ஊர்ல இருந்தும் ஆம்பளைங்க தனியா வந்து ரூம் எடுத்து தங்குறான், அவனுக்கு சோறு யாரு போடுறது? அப்படித்தான் லட்சுமி அம்மா மாதிரி பொம்பளைங்களுக்கு பொழப்பு கெடச்சுது. சோறு போடுற எடத்துல என்ன பேசுவாங்க, இன்னிக்கு எந்த மேஸ்திரி எவன திட்டுனான், யாருக்கு இன்கிரிமென்ட் வெட்டுனான், சாயங்காலம் கேட் மீட்டிங் இருக்கா இல்லையான்னு தான பேசுவாங்க. அதைக் கேட்டுக்கிட்டே தட்டு எடுத்து வச்ச பொண்ணுக்கு அரசியல் வகுப்பு தனியா வேணுமா?

சும்மா_கேள்வி:
நல்லா எழுதுறீங்க, ஆனா ஒரு டவுட்டு, தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பாடு வித்தவங்க எப்படி தொழிலாளி வர்க்கம் ஆவாங்க? கம்யூனிஸ்ட்டுங்க கணக்குப்படி அது குட்டி முதலாளி இல்லையா 😀 அப்புறம் புருஷன் எம்பி, பொண்ணு வாசுகி இப்ப பெரிய தலைவர், இதெல்லாம் ஒரு அரசியல் குடும்பம் தான, திமுகவ மட்டும் ஏன் திட்டுறீங்க

பொன்மலைப்பேத்தி:
மொதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றேன் ஏன்னா அது எங்க வீட்டு விஷயம்.

எங்க அப்பாயி பொன்மலைல சோறு போட்டவங்க. போர்டு எல்லாம் கெடையாது, ரயில்வே லைன் வீட்டு பின்பக்கம் ஒரு கொட்டாய், பத்து பன்னெண்டு ஆளுக்கு காலைல இட்லி, மத்தியானம் அடுக்குல சோறு கொழம்பு. காசு கைல வாங்குறது இல்ல, எல்லாம் நோட்டுல. சம்பளம் போட்ட அன்னிக்கு சாயங்காலம் நோட்ட தூக்கிக்கிட்டு வாசல்ல உக்காந்துருப்பாங்க. அரிசிக்கடைக்காரன்கிட்ட இவங்க கடன், இவங்ககிட்ட தொழிலாளி கடன். இப்ப ஸ்ட்ரைக் வந்தா என்ன ஆகும்னு யோசிங்க. 1974 மே மாசம், இந்தியா பூரா ரயில்வே ஸ்ட்ரைக், 20 நாள். சம்பளம் வராது. சாப்பிடுற ஆளு காசு தர மாட்டான், தர முடியாது. அப்ப அடுப்ப அணைச்சா ஸ்ட்ரைக்க நீங்க உடைக்கிறீங்கன்னு அர்த்தம், அணைக்கலைன்னா நீங்க கடன்ல முழுகுறீங்க. அப்பாயி அணைக்கல. தோடு போச்சு, அப்புறம் பித்தளை அண்டா போச்சு. தாத்தா கேரேஜ் ஷாப்ல வேல, வாரண்ட்டுக்கு பயந்து ஆத்துக்கு அந்தாண்ட எங்கேயோ ஒளிஞ்சிருந்தாரு. குவார்ட்டர்ஸ்ல இருந்த ஸ்ட்ரைக்காரங்க குடும்பத்த எல்லாம் சாமானோட வெளில தள்ளுனாங்க, எங்க பக்கத்து வரிசைல ஒரு வீட்டு அம்மி தெருவுல கெடந்தத அப்பாயி சொல்லிக்கிட்டே இருப்பாங்க. என்னவோ அந்த அம்மி தான் அவங்களுக்கு ஞாபகம், போலீஸ் இல்ல.

இந்த பொம்பளைய குட்டி முதலாளின்னு நீங்க சொன்னா நான் சிரிச்சுட்டு போயிடுவேன். கரண்டி புடிச்ச கை கூலிதான் வாங்குச்சு, என்ன, முதலாளி கைல இருந்து வாங்கல, இன்னொரு கூலிக்காரன் கைல இருந்து வாங்குச்சு.

பழையபேப்பர்:
இந்த இழைக்கு கொஞ்சம் தேதி சேக்குறேன், பேசுறதுக்கு வசதியா இருக்கும்.

1946 ஆகஸ்ட் கடைசில தென்னிந்திய ரயில்வேல வேலைநிறுத்தம். போர் முடிஞ்சு ஆட்குறைப்பு, விலவாசி ஏத்தம், இதான் காரணம். செப்டம்பர் 5 அன்னிக்கு பொன்மலை சங்கத்திடல்ல கூடியிருந்த ஆளுங்க மேல மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டுச்சு. அஞ்சு பேர் செத்தாங்க: தங்கவேலு, தியாகராஜன், ராமச்சந்திரன், கிருஷ்ணமூர்த்தி, ராஜு. சங்கத் தலைவர் அனந்தன் நம்பியாருக்கு செம அடி. பாப்பாவுக்கு அப்ப 15 வயசு, அதுக்கு முன்னாடியே பாலர் சங்கத்துல, அதாவது தொழிலாளி வீட்டு சின்னப் புள்ளைங்க சங்கத்துல, இருந்தவங்க.

காவிரிக்கரை:
வெள்ளக்காரன் ஆட்சில சுட்டது தான, அதுக்கு இப்ப யாரை குத்தம் சொல்றது

பழையபேப்பர்:
அங்கதான் தப்பு பண்றீங்க சார். வெள்ளக்காரன் இருந்தான், சரி. ஆனா மெட்ராஸ் மாகாணத்துல அப்ப பிரகாசம் தலைமைல காங்கிரஸ் மந்திரிசபை, போலீஸ் அவங்க கைல. டெல்லில நேரு தலைமைல இடைக்கால அரசு பதவி ஏத்தது செப்டம்பர் 2. மூணு நாள் கழிச்சு இங்க சூடு. ரயில்வேயும் கம்பெனிக்காரன் கைல இல்ல, 1944லயே சர்க்கார் எடுத்தாச்சு. அதனால அந்த 15 வயசு பொண்ணு கண்ணு முன்னாடி சுட்டது யாருங்குறது அவ்ளோ சிம்பிள் இல்ல. காங்கிரஸ் மேல அவங்களுக்கு கடைசி வரைக்கும் இருந்த கோவத்துக்கு இது ஒரு காரணம்னு நான் நெனைக்கிறேன்.

காவிரிக்கரை:
ஓ. மந்திரிசபை விஷயம் எனக்கு தோணல. ஒத்துக்கிறேன்.

தெற்குவாசல்:
மதுரைல இருந்து ஒரு குரல். கே.பி. ஜானகி அம்மாவ விட்டுட்டு இந்த பேச்சு பேச முடியாது. 1917ல பொறந்தவங்க, நாடகக் கம்பெனில நடிச்சுப் பாடி சம்பாதிச்சவங்க, ஆர்மோனியம் வாசிச்ச குருசாமிய கல்யாணம் பண்ணிக்கிட்டு காங்கிரஸ், அப்புறம் சோசலிஸ்ட், அப்புறம் கம்யூனிஸ்ட். கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஜானகி அம்மா பாட்டு, அதுக்கே ஜனம் வரும். சொத்து சொகம் எல்லாம் கட்சிக்கே போச்சு. 1967ல மதுரை கிழக்குல எம்எல்ஏ. 1973ல ஜனநாயக மாதர் சங்கம்னு தமிழ்நாட்டுல ஆரம்பிச்சப்ப முன்ன நின்னது ஜானகி அம்மாவும் பாப்பாவும். ஒருத்தர் நாடக மேடைல இருந்து வந்தாங்க, இன்னொருத்தர் சாப்பாட்டுக் கடைல இருந்து. ரெண்டுமே அப்ப "நல்ல குடும்பத்து பொண்ணு" போற எடம் இல்ல, கவனிச்சீங்களா? அதனாலதான் தெருவுல எறங்க அவங்களுக்கு கூச்சம் கம்மியா இருந்துச்சோ என்னவோ.

பொன்மலைப்பேத்தி:
@தெற்குவாசல் கடைசி லைன் சூப்பர், நான் அப்படி யோசிச்சதே இல்ல.

சரி ஜெயில் கதை. 1948ல இருந்தே கம்யூனிஸ்ட்டுங்கள தேடித் தேடி உள்ள போட்டாங்க. 1950 பிப்ரவரி 11 சேலம் ஜெயில்ல கைதிங்க மேலயே சுட்டு 22 பேர் செத்தாங்க, அப்படி ஒரு காலம். தலைமறைவா இருந்த தலைவருங்களுக்கு மெட்ராஸ்ல வீடு எடுத்துக் குடுத்தா பாக்குறவனுக்கு குடும்பம் மாதிரி தெரியணும்ல, வெறும் ஆம்பளைங்க நாலு பேரு வாடகைக்கு இருந்தா பக்கத்து வீட்டுக்காரனே போட்டுக் குடுத்துருவான். அம்மாவும் பொண்ணும் இருந்தாதான் அது வீடு. அந்த வேலைய செஞ்சவங்க லட்சுமி அம்மா மாதிரி ஆளுங்க. அங்கயும் அடுப்பு தான்!

அப்புறம் மாட்டிக்கிட்டாங்க, உமாநாத், பாப்பா, லட்சுமி அம்மா எல்லாரும். ஜெயில்ல உண்ணாவிரதம். லட்சுமி அம்மாவும் இருந்தாங்க, வயசான பொம்பள, நீங்க விட்டுருங்கம்மான்னு சொன்னா கேக்கற ஆளு இல்ல. அந்த உண்ணாவிரதத்துலயே உயிர் போயிடுச்சு. வாழ்க்கை பூரா ஊருக்கு சோறு போட்டவங்க.

அதே ஜெயில்ல பொண்ணு இருக்கு, பதினெட்டு பத்தொம்போது வயசு. அம்மா மொகத்த பாக்கணும்னு கேக்குது. கட்சிய விட்டு விலகுறேன்னு எழுதிக் குடு, பாக்க விடுறோம்னு சொன்னாங்க. எழுதிக் குடுக்கல. பாக்கல.

இத மேடைல சொல்லும்போது கைதட்டுறாங்க. எனக்கு கை தட்ட வராது. அந்த ராத்திரி அந்த பொண்ணு என்ன பண்ணிருக்கும்னுதான் ஓடும்.

சும்மா_கேள்வி:
சரிங்க இது தெரியாம கேட்டுட்டேன். ஆனா உண்மைய சொல்லுங்க, ஒரு கட்சிக்காக பெத்த தாய் மொகத்த பாக்காம இருக்குறது சரியா? நான் கிண்டலுக்கு கேக்கல, நெசமாவே கேக்குறேன். எங்க அம்மா கொரோனால போனாங்க, ஆஸ்பத்திரில பாக்க விடல, பை சுத்தி குடுத்தாங்க. ஒரு கையெழுத்து போட்டா பாக்கலாம்னு சொல்லிருந்தா எதுல வேணா போட்டுருப்பேன்.

பொன்மலைப்பேத்தி:
மன்னிச்சுக்கோங்க, உங்க அம்மா விஷயம் தெரியாது.

சரியா தப்பான்னு எனக்கு சொல்ல வராது. ஒண்ணு மட்டும் தோணும். அந்த அம்மா எதுக்காக பட்டினி கெடந்தாங்களோ அதையே விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு போய் அவங்க மொகத்த எப்படி பாக்குறது? கட்சின்னு நாம வெளில இருந்து சொல்றோம், அவங்களுக்கு அது அம்மாவோட கடைசி பேச்சு மாதிரி இருந்துருக்கும். நானா இருந்தா கையெழுத்து போட்டுருப்பேன், அதையும் சொல்லிடுறேன்.

ஓவர்லாக்_அக்கா:
வணக்கமுங்க. நான் திருப்பூர், பனியன் கம்பெனில இருபத்தி ரெண்டு வருசம், இப்ப செக்கிங் பாக்கறேன். இந்த இழைய என்ற மக போன்ல காட்டுனா, அவதான் டைப் அடிக்கறா நான் சொல்லச் சொல்ல.

நீங்க சோத்துப் பக்கம் பேசறதுனால சொல்றேன். 1984ல இங்க பஞ்சப்படிக்கு 127 நாள் ஸ்ட்ரைக் நடந்துச்சு, நான் அப்ப சின்னப் புள்ள, எங்கம்மா கைமடிக்க போயிட்டு இருந்தாங்க. நாலு மாசம் காசில்லீங்க. எங்கூர்ல இருந்து கம்பு ராகி எல்லாம் மூட்டை கட்டி வந்துச்சு. எங்கம்மா எந்தக் கட்சியும் இல்ல, ஆனா அடுப்பு பத்த வெக்கறதுக்கு என்ன பாடுபட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.

இப்ப என்ற கதை. ஆறேழு வருசம் முன்னாடி நான் வேல பாத்த ஒரு கம்பெனில ஒன்றரை சிப்டு கட்டாயம்னு சொன்னாங்க, பொம்பளைக எட்டு பேரு சேந்து நின்னோம். சங்கத்துக்காரங்கள கூட்டிட்டு வந்தேன். பேச்சுவார்த்தைக்கு போனா டேபிள்ல ஆம்பளைங்க மட்டும் உக்காந்தாங்க, எங்கள டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு ஒருத்தரு, முதலாளி பக்கம் இல்லீங்க, எங்க பக்கம் உக்காந்த ஆளு! நான் போகல. நீங்க வாங்கிட்டு வாங்கண்ணா, என்ன பிரச்சனைன்னு எனக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். அவரு மொகம் சுருங்கிப் போச்சு, ஆனா போயி வாங்கிட்டு வந்தாரு, எனக்கு சக்கரை தூக்கலா. 😊

பாப்பாம்மா பேரு நான் சங்க ஆபீஸ்ல போட்டோல பாத்திருக்கறேன். அவங்க அம்மா இப்படி செத்தாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியும். என்ற மக டைப் அடிக்கறத நிறுத்திட்டு மூக்க உறிஞ்சறா.

தெற்குவாசல்:
அக்கா, சக்கரை தூக்கலா டீ 👏👏

பழையபேப்பர்:
ஓவர்லாக் அக்கா சொன்னது தான் முக்கியமான பாயிண்ட்னு எனக்கு படுது. இடதுசாரி இயக்கத்துலயும் பொம்பளைங்க தோழர்னு கூப்பிடப்படுவாங்க, வேல மட்டும் பாத்திரம் கழுவுறதா இருக்கும். 25 வருஷம் உள்ள இருந்து பாத்தவன் சொல்றேன். தனியா ஒரு மாதர் சங்கம் வேணும்னு நின்னதே இதனாலதான், தொழிற்சங்கம் போதாதா, வர்க்கத்த ஏன் பிரிக்கிறீங்கன்னு கேட்ட புண்ணியவானுங்க இருந்தாங்க. 1981 மார்ச்ல மெட்ராஸ்லயே அகில இந்திய சங்கம் ஆரம்பிச்சாச்சு. அதுக்கப்புறம் அவங்க எடுத்த கேஸ்கள பாருங்க, 1992 சிதம்பரம் அண்ணாமலை நகர் ஸ்டேஷன் வழக்கு, புருஷன லாக்கப்ல கொன்னு பொண்டாட்டிய சீரழிச்சது. ஃபாக்டரி கேட்டுக்குள்ள மட்டும் பாத்துக்கிட்டு இருந்த தொழிற்சங்கம் இத எடுத்துருக்குமா? அதே வருஷம் ஜூன்ல வாச்சாத்தி, தருமபுரி பக்கம் மலைவாழ் மக்கள் ஊருக்குள்ள வனத்துறை, போலீஸ் ஆளுங்க பூந்து பொம்பளைங்கள சீரழிச்சது. அதுக்கும் மலைவாழ் மக்கள் சங்கத்தோட சேந்து மாதர் சங்கமும் போச்சு. தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர், 269 பேர் மேல கேஸ், அதுல 54 பேர் அதுக்குள்ள செத்தாச்சு, உயிரோட இருந்த 215 பேரும் குத்தவாளி. பாப்பா அம்மா போனது 2010 டிசம்பர். ஒம்போது மாசம்.

சும்மா_கேள்வி:
குடும்ப அரசியல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல

பழையபேப்பர்:
கேளுங்க, கேக்கலாம். பாப்பா, உமாநாத் கல்யாணம் 1952, பெரியார் தலைமைல, தாலி கிடையாது ஐயர் கிடையாது. அந்த மாதிரி கல்யாணம் சட்டப்படி செல்லும்னு அண்ணா சட்டம் கொண்டு வந்தது 1967ல. அது வரைக்கும் கோர்ட்டு கணக்குல அது கல்யாணமே இல்ல. அதுக்கப்புறம் அவரு ஜெயில்ல இருந்தா இவங்க வெளில, இவங்க உள்ள இருந்தா அவரு தலைமறைவு, பல சமயம் ரெண்டு பேரும் உள்ள. இப்படிப்பட்ட வீட்டுல பொறந்த புள்ள அதே வேலைக்கு வந்தா அது வாரிசு பதவியா, இல்ல அப்பன் செஞ்ச தச்சு வேலைய மகனும் செய்யுற மாதிரியா? நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எனக்கு கட்சி மேல நெறய கோவம் இருக்கு, ஆனா இந்த எடத்துல இல்ல.

காவிரிக்கரை:
1989ல திருவெறும்பூர் எம்எல்ஏ அவங்க, எங்க தொகுதி. நான் அப்ப எட்டாவது. ஒரு தடவை எங்க தெருவுல தண்ணி வரலன்னு பொம்பளைங்க எல்லாம் கொடத்த தூக்கிட்டு போனாங்க, எங்க அம்மாவும் போனாங்க. வந்து சொன்னது என்னன்னா, "அந்தம்மா நம்மள உக்காரச் சொல்லிட்டு நின்னுக்கிட்டே பேசுச்சு." தண்ணி வந்துச்சா வரலையான்னு சத்தியமா ஞாபகம் இல்ல. சட்டமன்றத்துல பொம்பளப் புள்ளைக்கும் சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்ததும் அந்த ஆட்சில தான், அதுல எங்க அத்தைங்களுக்கும் எங்க அப்பாவுக்கும் பேச்சு வார்த்தை நின்னு போனது தனிக்கதை.

ஓவர்லாக்_அக்கா:
பொன்மலைப்பேத்தி கண்ணு, உங்க அப்பாயி தோடு திரும்ப வந்துச்சா?

பொன்மலைப்பேத்தி:
இல்லக்கா. ஸ்ட்ரைக் முடிஞ்சு தாத்தாவ வேலைல திரும்ப எடுக்கவே ரொம்ப நாளாச்சு. சாப்பிட்டவங்கள்ல பாதி பேரு கடன தவணைல குடுத்தாங்க, சில பேரு ஊர மாத்திக்கிட்டு போயிட்டாங்க. நோட்டு இன்னும் எங்க அப்பாகிட்ட இருக்கு, பழுப்பேறி போயி. அப்பாயிக்கு எழுத படிக்க தெரியாது, அதனால பேருக்கு பதிலா படம் போட்டு வச்சுருப்பாங்க, கண்ணாடி போட்டவருக்கு ரெண்டு வட்டம், நெட்டையா இருந்தவருக்கு ஒரு நீட்டுக் கோடு, பக்கத்துல எத்தன வேள சாப்பிட்டாருன்னு புள்ளி. ஒரு எடத்துல ரெண்டு வட்டத்துக்கு பக்கத்துல புள்ளி புள்ளியா ஒரு பக்கம் பூரா போகுது, அடிக்கவே இல்ல.

ஓவர்லாக்_அக்கா:
என்ற மக அந்த நோட்ட பாக்கணுங்கறா. பொன்மலைக்கு எப்படி வரோணும்?

பொன்மலைப்பேத்தி:
வாங்கக்கா! திருப்பூர்ல ஏறி திருச்சி ஜங்ஷன் எறங்கிடுங்க, அங்கிருந்து பொன்மலைக்கு பஸ் இருக்கு. செப்டம்பர் 5னா சங்கத்திடல்ல கூட்டம் இருக்கும், அஞ்சு பேருக்கு மாலை போடுவாங்க. மத்த நாள்ல வரதா இருந்தா ஞாயித்துக்கிழமை வாங்க, சந்தை இருக்கும், பை ரெண்டு எடுத்துட்டு வாங்க. அப்பாகிட்ட நோட்ட எடுத்து வைக்க சொல்றேன். சோறு எங்க வீட்டுல தான்.